நோய்ப் படங்களில் கேமரா யார் பக்கம் நிற்கிறது? திரையிடலுக்குப் பிறகு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொரோனா அடங்கிய பிறகு எங்கள் ஊர் நூலக மாடியில் மாதம் ஒரு ஞாயிறு, தொற்றுநோயைப் பற்றிய படம் ஒன்றைப் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறோம். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பல படங்களின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொற்றுநோய்ப் படம்னு எதையெல்லாம் சொல்றீங்க? கடிச்சுப் பரவுற ஜாம்பி படமும் இதுல சேருமா?

தாராளமாகச் சேரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவ வேண்டும், பரவாமலிருக்க யாரையாவது கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டும், யாரை நிறுத்துவது என்பதில் தகராறு வரவேண்டும். இவை இருந்தால் எனக்கு அது தொற்றுநோய்ப் படம்தான்.

2016இல் வந்த 'டிரெய்ன் டு பூசான்' என்ற கொரியப் படத்தையே பாருங்கள். கதாநாயகன் நிதி நிறுவன மேலாளர். நோய் கிளம்பியதே அவருடைய நிறுவனம் காப்பாற்றி நிமிர்த்திய உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியிலிருந்துதான் என்பது பாதியில் தெரிகிறது. பல பெட்டிகளைத் தாண்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை, பத்திரமான பெட்டியில் இருப்பவர்கள் கதவைக் கட்டி வைத்து உள்ளே விட மறுக்கிறார்கள். மறுப்பவர்களுக்குத் தலைமை தாங்குபவர் ஒரு பேருந்து நிறுவன அதிகாரி. கடைசியில் ஒரு கர்ப்பிணியும் ஒரு சிறுமியும் தப்புவதற்காக உயிரைக் கொடுப்பவர், எல்லோரும் முகம் சுளித்த வீடற்ற மனிதர். கடிக்கிற காட்சிகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கதை அப்படியே நிற்கும்.

வைரஸுக்கு ஏழை, பணக்காரன் தெரியுமா சார்? எல்லாருக்கும் பொதுவா வர்ற நோய்ல ஏற்றத்தாழ்வு எங்கேர்ந்து வந்தது?

வைரஸுக்குத் தெரியாது. ஆனால் அது நடந்து வருகிற பாதையை மனிதர்கள்தான் போட்டு வைத்திருக்கிறோம். 1918 இன்ஃப்ளூயன்ஸாவின்போது பம்பாயில் எடுத்த கணக்கு இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர் இறந்தார்கள். மற்ற சாதி இந்துக்களில் 18.9. ஐரோப்பியர்களில் 8.3. ஒரே ஊர், ஒரே கிருமி. ஒண்டிக் குடியிருப்பு, தண்ணீர், சாப்பாடு, படுத்தால் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவைதான் வேறு.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஒரு சந்தில் நோய் கண்ட வீட்டின் வாசலில் தகரம் அடித்து, 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டப் போனோம். எட்டுக்குப் பத்து அறை ஒன்று, அதில் ஆறு பேர். கழிப்பறை சந்தின் கோடியில், பதினோரு வீட்டுக்கும் பொது. அந்த வீட்டு அம்மா சண்டை போடவில்லை. "உள்ளேயே இருக்கச் சொல்றீங்க சரி, கக்கூஸுக்கு எங்க சார் போறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தகரம் அடித்தோம். மறுநாள் காலையில் பக்கவாட்டில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு அதை வளைத்திருந்தார்கள். பார்த்தேன், சரி செய்யச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த நோய்ப் படம் பார்த்தாலும், அடைபட்ட வீட்டில் இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்றுதான் மனசு தேடுகிறது.

'கன்டேஜன்' சயின்ஸ் படம்தானே? அதுல போய் வர்க்கத்தைத் தேடுறது கொஞ்சம் ஓவரா இல்லையா?

ஸ்டீவன் சோடர்பெர்க் 2011இல் எடுத்த படம். நிபா வைரஸை மாதிரியாக வைத்து ஒரு கற்பனை வைரஸை உருவாக்கி, தொடுகை, தும்மல், நோயாளி யார் யாரோடு பழகினார் என்று தடம் தேடல், தடுப்பூசி என்று வரிசையாகக் காட்டுகிறது. விஞ்ஞானம் சரியாக இருக்கிறது என்பதால்தான் 2020இல் உலகமே அதைத் தேடிப் பார்த்தது. ஆனால் படத்தில் என் மனதைப் பிசைந்தவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடப்பவைதான்.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் பெரிய அதிகாரி சீவர், சிகாகோவை மூடப்போகிறார்கள் என்று தன் வருங்கால மனைவிக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் துப்புரவு ஊழியர் ரோஜர் அதைக் கேட்டுவிடுகிறார். அவருக்கும் பிள்ளை உண்டு. படத்தின் கடைசிப் பகுதியில் சீவர் தனக்கு வந்த தடுப்பூசியை ரோஜரின் மகனுக்குப் போடுகிறார். பார்க்கும்போது கண் கலங்கும். கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால், அந்தப் பையனுக்கு ஊசி கிடைத்தது ஒரு நல்ல மனிதரின் குற்ற உணர்ச்சியால்தானே என்று உறைக்கும்.

இன்னொரு காட்சி. உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவரைக் கூடவே வேலை பார்த்த சீன அதிகாரி தன் கிராமத்துக்குக் கடத்திப் போகிறார். ஊசி வரும்போது தன் ஊர் வரிசையின் கடைசியில் நிற்கக்கூடாது என்பதற்காக. ஊசி கொடுத்து அவரை மீட்கிறார்கள். கொடுத்தது போலி ஊசி என்று விமான நிலையத்தில் அவருக்குத் தெரியவருகிறது. உடனே எழுந்து ஓடுகிறார். அந்தக் கிராமத்துக்கு என்ன ஆனது என்று படம் காட்டவில்லை. அங்கே இருந்த பிள்ளைகளை அதற்கு முன் நாம் பார்த்திருக்கிறோம். இதைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கத் தேவையில்லை, திரையிலேயே இருக்கிறது.

ஏன் ஹாலிவுட்ல நோய் எப்பவும் ஆப்பிரிக்காவுல இல்லன்னா சீனாவுலதான் ஆரம்பிக்குது?

பழைய பழக்கம். 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்திலேயே கிழக்கிலிருந்து வரும் கப்பல், சவப்பெட்டி, எலிகள், அதன் பின்னால் பிளேக். 'வெளியிலிருந்து வந்தவன் கொண்டு வந்தான்' என்பது திரைக்கு வசதியான கதை.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 1995இன் 'அவுட்பிரேக்'. படம் 1967இல் ஆப்பிரிக்காவின் ஜைரில் (இன்றைய காங்கோ) தொடங்குகிறது. ஒரு முகாமில் கொடிய நோய் பரவுகிறது. உதவி கேட்டுக் காத்திருக்கும் மனிதர்கள் மேல் அமெரிக்க ராணுவம் குண்டு போட்டு மொத்தத்தையும் அழிக்கிறது. சில நிமிடங்களில் அந்தக் காட்சி முடிந்துவிடுகிறது. பிறகு அதே நோய் கலிபோர்னியாவின் ஒரு சிற்றூருக்கு வருகிறது. அதே யோசனை, அதே மாதிரிக் குண்டு. இப்போது குண்டு விழுமா விழாதா என்பதுதான் முழுப் படத்தின் பதைபதைப்பு. விமானிகள் மனம் மாறிக் கடலில் போடுகிறார்கள், அரங்கம் பெருமூச்சு விடுகிறது. எங்கள் திரையிடலில் ஒரு கல்லூரி மாணவி கையைத் தூக்கி, "முதல் ஊர்ல இருந்தவங்க பேரு என்ன?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. படம் அவர்களில் ஒருவரைக்கூட நமக்கு அறிமுகப்படுத்தவில்லை.

'கன்டேஜ'னும் மக்காவு, ஹாங்காங் என்றுதான் போகிறது. ஆனால் அதன் கடைசிக் காட்சியில் நோயின் முதல் நாளைக் காட்டுகிறார்கள். ஒரு புல்டோசர் மரத்தைச் சாய்க்கிறது, இடம் இழந்த வௌவால் பறக்கிறது, வாழைப்பழத் துண்டு பன்றிக் கொட்டிலில் விழுகிறது, அந்தப் பன்றியைச் சமைக்கத் தொட்ட கை இன்னொரு கையைக் குலுக்குகிறது. புல்டோசரின் மேல் உள்ள நிறுவனப் பெயரைக் கவனியுங்கள். செத்துப்போன கதாநாயகி வேலை பார்த்த அமெரிக்க நிறுவனம். நோய் எங்கே தொடங்கியது என்ற கேள்விக்கு நான் பார்த்த மிக நேர்மையான பதில் அந்த இரண்டு நிமிடம்.

நம்ம 'ஏழாம் அறிவு' 2011லயே கொரோனாவைச் சொல்லிடுச்சே, அதைப் பத்திப் பேசவே மாட்டீங்களா?

பேசலாம். அந்தப் படத்தில் சீனாவிலிருந்து ஒருவன் வேண்டுமென்றே வந்து, ஒரு நாய்க்கு ஊசி போட்டு நோயைப் பரப்புகிறான். சீனா, தொற்று என்ற இரண்டு சொற்களைத் தவிர 2020இல் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போதிதர்மரைப் பற்றிய பெருமிதத்தில் எனக்கு வருத்தமில்லை. நோயை ஒரு நாட்டுக்காரனின் சதியாகப் பார்க்கும் பழக்கம்தான் வருத்தம். 2020இல் இந்திய நகரங்களில் வடகிழக்கு மாநிலத்தவரைப் பார்த்து 'கொரோனா' என்று கத்தினார்கள், எச்சில் துப்பினார்கள், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். எந்தப் படமும் தனியாக அதைச் செய்துவிடவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து நோயை முடிவு செய்யும் பழக்கத்துக்கு நாம் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட்டிருக்கிறோம். முந்தைய பதிலில் சொன்ன எலிக் கப்பலும் இதே ரகம்.

தமிழ்ல உருப்படியா ஒரு படம்கூட இல்லையா?

பாலாவின் 'பரதேசி' (2013) இருக்கிறது. அதைத் தொற்றுநோய்ப் படம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதன் பின்பாதி அதுதான். கங்காணி முன்பணம் காட்டி ஒரு ஊரையே தேயிலைத் தோட்டத்துக்கு நடத்திப் போகிறான். கடன் தீர்வதே இல்லை. பிறகு கொள்ளைநோய் வருகிறது, ஆட்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். நோய் அங்கே திடீர் விபத்தாக வரவில்லை. ஒழுகுகிற லயக் குடியிருப்பிலும், அட்டைக்கடியிலும், பிடித்தம் போக மிஞ்சாத கூலியிலும் அது ஏற்கெனவே குடியிருந்தது என்று படம் நமக்கு உணர்த்துகிறது. இது தமிழில் அபூர்வம்.

ஆனால் இதற்கு மூலமான நாவலைப் படித்தவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு, எனக்கும்தான். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்து, தொழிற்சங்கமும் கட்டிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' அது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. நாவலின் மருத்துவர் ஆபிரகாம், தொழிலாளிகள் கொத்துக்கொத்தாகச் சாவதைத் தடுக்க மருந்தோடு மட்டும் நிற்காமல் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுகிறவர். படத்தில் அந்த இடத்துக்கு வரும் மருத்துவர் பாட்டுப் பாடி, ரொட்டியை வீசி மதம் மாற்றுகிறவராகிவிட்டார். நோய்க்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஒரே பாத்திரம் அதோடு காணாமல் போனது. அந்த இழப்பு மட்டும் இல்லையென்றால் உலக அளவில் இந்த வரிசையின் முதல் சில படங்களில் ஒன்றாக 'பரதேசி'யை நான் வைப்பேன்.

'மிருகம்' எய்ட்ஸ் விழிப்புணர்வுப் படம்தானே, அதை ஏன் நீங்க திரையிடல?

2007இல் சாமி இயக்கிய படம். கெட்ட ஆட்டம் ஆடிய ஒருவன் எய்ட்ஸ் வந்து உருக்குலைகிறான். பாவத்துக்குத் தண்டனையாக நோயைக் காட்டினால் விழிப்புணர்வைவிட அருவருப்புதான் அதிகம் பரவும் என்பது என் அனுபவம். அந்த நோயாளிகளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போனபோது, அவர்கள் வீட்டில் தனி டம்ளர் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில். அந்தப் பெண்களின் பக்கம் நின்று எடுத்த தமிழ்ப் படம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தியில் ஓனிர் இயக்கிய 'மை பிரதர் நிகில்' (2005) பாருங்கள். 1989இல் கோவாவில் தொற்று இருந்த காரணத்துக்காகவே சட்டத்தைக் காட்டி அடைத்து வைக்கப்பட்ட டொமினிக் டிசூசாவின் வாழ்க்கையிலிருந்து உருவான படம்.

அப்போ 'முதல் நோயாளி'யைக் கண்டுபிடிக்கிறதே தப்பா?

கண்டுபிடிப்பது வேலை. குற்றவாளியாக்குவது வேறு. அமெரிக்காவில் எய்ட்ஸைப் பரப்பியவர் என்று கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர் கேட்டன் டூகா பல ஆண்டுகள் பழி சுமந்தார். ஆய்வில் 'கலிபோர்னியாவுக்கு வெளியே' என்பதைக் குறிக்கப் போட்ட ஓ என்ற ஆங்கில எழுத்தைப் பூஜ்யம் என்று வாசித்ததில் பிறந்த பழி அது. புத்தகமும் 1993இல் அதிலிருந்து வந்த தொலைக்காட்சிப் படமும் அதை ஊரெல்லாம் கொண்டுபோயின. 2016இல் மரபணு ஆய்வு அவரை விடுவித்தது. அதற்குள் அவர் இறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மலையாள 'வைரஸ்' கேரள அரசுக்கு விளம்பரம் மாதிரி இருக்கே?

அந்தக் குற்றச்சாட்டு எனக்கும் புரிகிறது. 2018 நிபாவைப் பற்றி ஆஷிக் அபு 2019இல் எடுத்த படம் அது. அமைச்சர், ஆட்சியர், மருத்துவர்கள் எல்லோரும் நல்லவர்கள், சுறுசுறுப்பானவர்கள். ஆனால் தடம் தேடும் வேலையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் இந்தியாவில் வேறில்லை. யார் எந்த வார்டில் எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதுதான் கதையே. என் துறைக்காரர்களுக்கு அது குலதெய்வப் படம் மாதிரி.

ஜோஜு ஜார்ஜ் நடித்த பாபுவைத் தனியாகக் கவனியுங்கள். மருத்துவமனையின் தற்காலிக ஊழியர். எல்லோரும் பின்வாங்கும் வார்டுக்குள் அவர் போவதில் துணிச்சலோடு நிரந்தர வேலை கிடைக்கும் என்ற ஆசையும் இருக்கிறது. நிஜத்தில் நிபா வார்டில் வேலை செய்த தற்காலிக ஊழியர்கள் பின்னால் வேலையை விட்டு நிறுத்தப்பட்டு, போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. அதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் பாபுவின் முகம் வேறு மாதிரித் தெரியும்.

தீர்த்தத்தைக் குறை சொல்ற ரே படத்தைப் போட்டு எங்க நம்பிக்கையைப் புண்படுத்துறீங்களா?

'கணசத்ரு'வைப் போட்ட அன்று ஒரு பெரியவர் இப்படிக் கோபப்பட்டார். அவரோடு நெடுநேரம் பேசினேன். நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தை வைத்துச் சத்யஜித் ராய் (ரே) 1989இல் எடுத்த வங்காளப் படம். கோயில் தீர்த்தத்தில் சாக்கடை கலந்து மஞ்சள் காமாலை பரவுகிறது என்று ஒரு மருத்துவர் கண்டுபிடிக்கிறார். குழாயைப் பழுது பார்க்கும்வரை கோயிலை மூடச் சொல்கிறார். நகராட்சித் தலைவரான சொந்தத் தம்பியே தடுக்கிறார், பத்திரிகை கட்டுரையைப் போட மறுக்கிறது, கூட்டத்தில் 'நீ இந்துதானா' என்று கேட்கிறார்கள்.

யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். கோயிலுக்கு வரும் கூட்டத்தால் வரும் வருமானம்தான் அங்கே பேச்சே. சாவது தீர்த்தத்தை நம்பிக் குடிக்கிற பக்தர்கள். அவர்கள் பக்கம் முதலில் நிற்பவர் மருத்துவர்தான். நடப்பதெல்லாம் நான்கு சுவருக்குள், உடல்நிலை காரணமாக ராய் வெளியே போய்ப் படமெடுக்க முடியாத காலம். மெதுவாக நகரும். பொறுத்துப் பாருங்கள்.

லாக்டவுன் பத்தி நிறைய வந்துச்சே, எதைப் பார்க்கலாம்?

தமிழில் 2020இலேயே 'புத்தம் புதுக் காலை' வந்தது, ஐந்து குறும்படங்கள். நல்ல நடிகர்கள், மென்மையான கதைகள். பெரும்பாலும் விசாலமான வீடுகளுக்குள் மனசு விட்டுப் பேச நேரம் கிடைத்தவர்களின் ஊரடங்கு அது. அப்படியும் ஊரடங்கு இருந்தது, பொய்யில்லை. ஆனால் பிரதமர் இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் அமலுக்கு வந்த அந்த நான்கு மணி நேர அவகாசத்தில் சோறும் கூலியும் போனவர்களின் ஊரடங்குக்கு வேறு படங்களுக்குப் போக வேண்டும்.

வினோத் காப்ரியின் '1232 கிலோமீட்டர்' ஆவணப்படம், காசியாபாத்திலிருந்து பீகாரின் சஹர்ஸாவுக்குச் சைக்கிளில் போன ஏழு தொழிலாளர்களைக் கூடவே பின்தொடர்கிறது. அனுபவ் சின்ஹாவின் 'பீட்' (2023) கறுப்பு வெள்ளையில், ஒரு சோதனைச் சாவடியில் நடக்கிறது. அதில் காவலாளியாக இருந்து ஊர் திரும்பும் ஒரு உயர்சாதிக்காரர், பிள்ளைகள் பசியில் இருக்கும்போதும் முஸ்லிம்கள் நீட்டும் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்க மறுக்கிறார். சாவடிக்குப் பொறுப்பான போலீஸ் அதிகாரி ஒடுக்கப்பட்ட சாதி. உடுப்பு இருந்தும் அவருடைய குரல் நடுங்குகிறது. நீரஜ் கேவானின் 'ஹோம்பவுண்ட்' (2025) இன்னும் ஆழம். ஒரு தலித், ஒரு முஸ்லிம், இரண்டு நண்பர்கள். போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டு, சூரத் ஆலைக்குப் போய், ஊரடங்கில் ஊர் திரும்புகிறார்கள். நோய் வருவதற்கு ரொம்ப முன்பே அவர்களுக்கு எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதுதான் படத்தின் பெரும்பகுதி.

ஏழைங்க கஷ்டத்தைக் காட்டி அவார்டு வாங்குறாங்க. இதுவும் ஒரு சுரண்டல்தானே சார்?

கேட்க வேண்டிய கேள்வி, எனக்கே முழுப் பதில் கைவசமில்லை. என் அளவுகோல் சின்னது. அந்த மனிதருக்குப் படத்தில் சாவதைத் தவிர வேறு வேலை இருக்கிறதா? 'ஹோம்பவுண்ட்' நண்பர்கள் கோபப்படுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஒருவன் சாதியை மறைத்துப் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கிறான். 'அவுட்பிரேக்' முகாமில் இருந்தவர்களுக்கு எரிவதைத் தவிர வேலை இல்லை.

வூஹானில் எடுத்த '76 நாட்கள்' ஆவணப்படத்தில் இறந்தவர்களின் செல்போன்களையும் அடையாள அட்டைகளையும் ஒரு செவிலியர் கிருமிநீக்கம் செய்து எடுத்து வைக்கிறார். அதில் ஒரு போன் ஒலிக்கிறது. அழுகையோ இசையோ சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அதைச் சுரண்டல் என்று என்னால் சொல்ல முடியாது.

இத்தனை படத்துல குப்பை அள்ளுறவங்களை வெச்சு ஒரு படம் இருக்கா?

இதைக் கேட்டவர் எங்கள் பகுதித் தூய்மைப் பணியாளர். 'வைரஸ்' போட்ட அன்று மகளோடு வந்திருந்தார். பாபு ஓரளவு நெருக்கம், ரோஜர் அதைவிடத் தூரம், முழுப் படமாக நாங்கள் இதுவரை திரையிட்டதில் ஒன்றும் இல்லை என்றேன்.

"எடுத்தா எதைக் காட்டணும்கா?" என்று பக்கத்திலிருந்த பையன் ஒருவன் கேட்டான். கவச உடைக்குள் கொதிக்கும் வெயிலைச் சொல்வார், மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் வந்த முகக்கவசங்களைச் சொல்வார் என்று நினைத்தேன். "மத்தியானம் எங்க உக்காந்து சாப்ட்டோம்னு காட்டணும்பா" என்றார். ஊரடங்கின் அந்த மூன்று மாதமும் எந்த வீட்டுத் திண்ணையிலும் அவர்களை உட்கார விடவில்லையாம். தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தி, அடைத்துக் கிடந்த செருப்புக் கடையின் ஷட்டர் படிக்கட்டில் இரண்டு பேராக மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்தக் கடை வழியாகத் தினமும் பைக்கில் போனவன்.